இலவசப் பயிற்சியில் சேருமுன் வீட்டுக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

தமிழ்நாட்டில் வேலையில்லாதோருக்கான உதவித்தொகையைக் கொடுப்பது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். கிராமத்து இளைஞர்களுக்குத் தங்கிப் படிக்கும் திறன் பயிற்சியைக் கொடுப்பது மகளிர் திட்ட அலுவலகம். வருமானச் சான்று வருவாய்த் துறையிடம், ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறையிடம், புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் சமூக நலத் துறையிடம். இத்தனையும் ஒரே வீட்டு வாசலுக்குத்தான் வருகின்றன. ஆனால் ஒரு மேசையில் நடப்பது அடுத்த மேசைக்குத் தெரியாது. பயிற்சி மையம் உங்களைச் சேர்த்துக்கொள்ளும்போது, அந்த மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. உதவித்தொகை கொடுக்கும் இடத்தில், பயிற்சி ஏதும் வேண்டுமா என்றும் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துத் தைக்கும் வேலை முழுக்கப் பயனாளியின் தலையில்தான். அதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் பாதி அலைச்சலும், நடுவழியில் பயிற்சியை விட்டுவிட்டு வரும் அவமானமும் மிச்சம்.

முதலில் உதவித்தொகை பற்றிய நினைப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வேலையில்லை, அதனால் உதவித்தொகை வாங்கிக்கொண்டே பயிற்சிக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது அப்படி வேலை செய்வதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, இடைவெளி இல்லாமல் புதுப்பித்து, காலாண்டின் கடைசி நாளில் ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ என்றால் 400, பட்டதாரிக்கு 600. மாதாமாதமும் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மூன்று ஆண்டோடு நின்றுவிடும். பிளஸ் டூ முடித்தவருக்கு மூன்று ஆண்டும் சேர்த்து 14,400 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பதினெட்டு வயதில் பதிந்த பெண்ணுக்கு முதல் தவணை வருவதற்குள் இருபத்து மூன்று ஆகிவிடும். பயிற்சிக்குப் போக வேண்டிய வயதில் கையில் பணம் இல்லை. பணம் வரும் வயதில் கல்யாணமோ குழந்தையோ குறுக்கே நிற்கிறது. ஆகவே இதைப் பயிற்சிக் காலத்துச் செலவுக்கு நம்பித் திட்டம் போடாதீர்கள். வந்தால் மேலே ஒரு தொகை, அவ்வளவே.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. பதிந்து ஓராண்டு போதும், குடும்ப வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டு வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டம் 1,000. இங்கே உதவித்தொகையும் பயிற்சியும் உண்மையிலேயே கைகோத்துப் போக முடியும். இருந்தும் பதிவே செய்யாமல் இருப்பவர்கள் இவர்களில்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். தேசிய அடையாள அட்டை கையில் வந்ததும் வேலைவாய்ப்புப் பதிவையும் போட்டுவிடுவது நல்லது.

பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகை வாங்குவதால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு, மூப்பு அப்படியே இருக்கும். ஆனால் உதவித்தொகை வாங்கும் ஒவ்வோர் ஆண்டும் சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். தங்கிப் படிக்கும் பயிற்சியில் வெளியூரில் இருக்கும்போது இதுதான் மறந்துபோகும். கிளம்புமுன் எந்த மாதம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். இன்னொன்று: பள்ளியிலோ கல்லூரியிலோ நேரடியாகப் படிப்பவருக்கு உதவித்தொகை இல்லை, அஞ்சல் வழி படிப்பவருக்கு உண்டு. வேலையோ சுயதொழிலோ கிடைத்தாலும் நின்றுவிடும். மூன்று மாதக் குறுகிய காலப் பயிற்சியை எந்தக் கணக்கில் வைப்பது என்று கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் பயிற்சியின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி எழுதி, உதவித்தொகை தொடருமா என்று கேட்டு, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். பிறகு யாராவது திருப்பிக் கட்டச் சொன்னால் அந்த நகல்தான் பேசும்.

இனி தாள்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று ஏறி இறங்கி வரும். ஓராண்டுதான் செல்லும். பயிற்சியும் அதற்குப் பிந்தைய கடன் விண்ணப்பமும் ஓராண்டைத் தாண்டி இழுக்கும் என்பதால், பழைய சான்று காலாவதியாகும் மாதத்திலேயே புதியதுக்குப் போட்டுவிடுங்கள். இதில் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் தொகை. வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு வரம்பு 72,000. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1,20,000. மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தந்த வரம்புக்குள் வருகிற மாதிரி ஒரு தொகையைப் புரோக்கரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். எல்லாமே ஒரே ஆதார் எண்ணுக்குக் கீழே கணினியில் கிடக்கின்றன. ஒரே ஆண்டில் ஒரே வீட்டுக்கு மூன்று வருமானம் என்றால், நாளைக்கு மறுபரிசீலனை வரும்போது மூன்றுமே ஆட்டம் காணும். உண்மையான தொகை ஒன்றே ஒன்று. அது எந்த வரம்புக்குள் வருகிறதோ அந்தத் திட்டம் மட்டும் நமக்கு.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நாட்களைத் தின்னும். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கியில் இனிஷியலே இருக்காது. பயிற்சி மையத்தில் ஆதாரை வைத்துத்தான் பதிவு, வருகைப் பதிவும் பல இடங்களில் ஆதார் கைரேகைதான். கடைசியில் சான்றிதழிலும், பிஎஃப் கணக்கிலும் அதே பெயர் ஏறும். ஆகவே பள்ளிச் சான்றுக்கு ஒத்துவரும்படி ஆதாரை முதலில் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு வங்கியைத் திருத்துங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டும். செங்கல், சிமெண்ட், பாத்திரம் என்று கைவேலை செய்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். மையத்தில் ரேகை விழாமல் போனால் வந்த நாளும் வராத நாளாகிவிடும். சேருமுன் ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழி இரண்டையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். செல்போன் எண்ணும் ஆதாரில் உங்களுடையதாகவே இருக்கட்டும். அண்ணன் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக அவருக்குப் போன் மேல் போன் போடும் கொடுமை வேண்டாம்.

இப்போது சொல்லப்போவது ஒருவரும் எச்சரிக்காத விஷயம், பணம் காணாமல் போவது போலத் தோன்ற வைப்பதும் இதுதான். ஆதாரோடு எத்தனை வங்கிக் கணக்கை வேண்டுமானாலும் இணைக்கலாம். ஆனால் ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஒரே ஒரு வங்கிக்குத்தான் போகும். வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பான என்பிசிஐயின் பட்டியலில் கடைசியாக எந்த வங்கி உங்கள் ஆதாரைப் பதிந்திருக்கிறதோ அந்த வங்கிக்கு. பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் வாரமே ஒரு வங்கிக்காரர் வந்து மொத்த பேட்ச்சுக்கும் புதுக் கணக்கு திறந்து கொடுப்பார். அந்தப் படிவத்தில் ‘அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதிக்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுத்தான் தருவார்கள். கையெழுத்துப் போட்டதும், அதுவரை ஊர் வங்கிக்கு வந்துகொண்டிருந்த கேஸ் மானியம், கல்வி உதவித்தொகை, கூலிப் பணம் எல்லாம் புதுக் கணக்குக்குத் திரும்பிவிடும். வீட்டில் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்து, பணம் நின்றுவிட்டது என்று பதறி, யாரோ பெயரை நீக்கிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவார்கள். பயிற்சி முடிந்து வேலைக்குப் போனால் நிறுவனம் இன்னொரு சம்பளக் கணக்கு திறக்கும், மறுபடியும் இதே கதை. அந்த வேலையை விட்டுவிட்டால் சம்பளக் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அபராதம் பிடிக்கும், விழுகிற மானியம் அதிலேயே கரையும்.

செய்ய வேண்டியது எளிது. ஜீரோ பேலன்ஸ் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றை ஊரில் வைத்துக்கொண்டு, அரசுப் பணம் எல்லாம் அதற்கே வரட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். புதுக் கணக்கு திறக்கும்போது அடையாளச் சரிபார்ப்புக்கு (கேஒய்சி) ஆதார் கொடுங்கள், ஆனால் மானியம் பெறும் கட்டத்தில் ‘வேண்டாம்’ என்று நீங்களே பேனாவால் குறியுங்கள். இப்போது எந்த வங்கி என்று பார்க்க, ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் வந்துவிடும். சாதாரண பட்டன் போனிலிருந்து *99*99*1# அழுத்தியும் பார்க்கலாம். மாறிப்போயிருந்தால் பழைய வங்கிக் கிளைக்குப் போய் மீண்டும் இணைக்கும் படிவம் கொடுக்க வேண்டும். ‘ஆதார் லிங்க்’ என்று மட்டும் கேட்டால், ஏற்கெனவே இணைந்துதான் இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். ‘டிபிடிக்கு என்பிசிஐ சீடிங்’ என்று கேளுங்கள், அதாவது அரசுப் பணம் நேராக வர ஆதாரை அந்தப் பட்டியலில் பதிவது.

பயிற்சியைத் தேர்வதற்கு வருவோம். கிராமப்புறக் குடும்பத்துக்கு மூன்று முக்கிய வழிகள். ஒன்று, 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டம். வயது 15 முதல் 35 வரை, பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 45 வரை. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பயிற்சி எல்லாம் இலவசம். மூன்று மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஓடும். வீட்டில் ஒருவர் சுயஉதவிக் குழு உறுப்பினராக இருந்தாலோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு இருந்தாலோ, நூறு நாள் வேலையில் முந்தைய ஆண்டு குறைந்தது 15 நாள் வேலை பார்த்திருந்தாலோ, மக்கள் நிலை ஆய்வில் ஏழைக் குடும்பமாகக் கண்டறியப்பட்டிருந்தாலோ தகுதி உண்டு. உங்களிடம் அந்தியோதயா கார்டு இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், அம்மாவின் குழு உறுப்பினர் விவரத்தோடு மகளிர் திட்டத்தின் ஒன்றிய அலுவலகமான வட்டார இயக்க மேலாண்மை அலகுக்குப் போங்கள். அது போதும். ஆள்சேர்ப்பு பெரும்பாலும் இளைஞர் திறன் திருவிழாக்களில் நடக்கும்.

இரண்டாவது, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், ஊர் வழக்கில் ஆர்செட்டி. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி மாதிரியைப் பின்பற்றி, மாவட்டத்துக்கு ஒன்றாக முன்னோடி வங்கிகள் நடத்துகின்றன. சில நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரைதான். தையல், அழகுக்கலை, செல்போன் பழுது, கறவை மாடு வளர்ப்பு என்று சுயதொழிலுக்கானவை. தங்குமிடமும் சாப்பாடும் இதிலும் இலவசம், முடித்த பிறகு இரண்டு ஆண்டு தொடர் வழிகாட்டலும் உண்டு. நீண்ட நாள் கூலியை இழக்க முடியாத வீட்டுக்கு இதுதான் ஒத்துவரும். என்னைக் கேட்டால், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான். தங்காமல் வந்துபோகும் பயிற்சிகளில் போய்வரும் செலவுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் உதவும். ஆனால் அங்கன்வாடி மூடிய பிறகும் வகுப்பு ஓடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் குழந்தையை யார் பார்ப்பது என்பதை முடிவு செய்யாமல் சேர்ந்தவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாவது, அரசு ஐடிஐ. ஓராண்டு, ஈராண்டு என்று நீளமானதுதான், ஆனால் இந்த மூன்று வழிகளில் உதவியும் பயிற்சியும் உண்மையாகவே ஒட்டியிருப்பது இங்கே மட்டுமே. அரசு ஐடிஐ மாணவருக்கு மாதம் 750 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண், பையனுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் வழியாக மேலும் 1,000. இரண்டும் சேர்ந்து 1,750. சைக்கிள், பேருந்து அட்டை, புத்தகம், சீருடை, காலணி தனி. பெரிய தொகை இல்லை என்றாலும், பிள்ளை வீட்டுக்குப் பாரமாக இருக்காது. இதற்கு மாணவரின் பள்ளி எமிஸ் எண் (அரசின் பள்ளி மாணவர் பதிவேட்டு எண்) வேண்டும், வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும், விண்ணப்பம் நிலையத்தின் வழியாகத்தான். முதல் மாதமே கேளுங்கள். ஐடிஐ நேரடிப் படிப்பு என்பதால் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு அந்தக் காலத்தில் வழியில்லை.

கூலியை இழக்காமல் பயிற்சி என்ற யோசனையை அரசு ஒருமுறை நேராகவே செய்து பார்த்தது. 2019 இறுதியில் வந்த உன்னதி திட்டத்தில், நூறு நாள் வேலையை முழுதாக முடித்த குடும்பத்தில் 18 முதல் 45 வயதுள்ள ஒருவர் பயிற்சிக்குப் போனால், பயிற்சி நாட்களுக்கு, உச்சமாக 100 நாள் வரை, அதே கூலி விகிதத்தில் ஈட்டுத்தொகை. யோசனை அருமை. ஆனால் நூறு நாளை முழுதாக எட்டியிருந்தால்தான் வாசல் திறக்கும், தொண்ணூற்றைந்து நாள் பார்த்த வீட்டுக்கு ஒன்றுமில்லை. அதிக வேலை கிடைத்த வீட்டுக்குத்தான் மேலும் உதவி, வேலையே சரியாகக் கிடைக்காத வீடு வெளியே. இந்தத் திட்டங்களை எழுதுகிறவர்கள் ஒருநாளாவது பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் தேவலை. கட்டுமான நல வாரியத்தில் பதிவு பெற்றவர்கள், வேலையிழப்புக்கு ஈடாகத் தினப்படியோடு நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான் பெயர் ஏறும்.

மையத்தில் சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும், நகல் போதும். அசல் மாட்டிக்கொண்டால், பிடிக்காத வேலையை மறுக்கவும் முடியாது. டிசியைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலைக்கு அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. கூடவே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: போன பேட்ச் எந்த ஊருக்கு, எந்த நிறுவனத்துக்குப் போனது? அவர்களில் ஒருவரோடு போனில் பேச முடியுமா? சொல்லும் சம்பளம் கையில் வருவதா, முதலாளி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவான சிடிசியா?

இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு கணக்கோடு பார்ப்போம். மொத்தச் சம்பளம் 14,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 11,000 என்று வையுங்கள். பிஎஃப் 12 சதவீதம், 1,320 ரூபாய். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ 14,000-க்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். கையில் 12,575. முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப் 1,320, இஎஸ்ஐ 3.25 சதவீதமான 455, இரண்டையும் சேர்த்து ‘சம்பளம் 15,775’ என்று மேடையில் சொல்லுவார்கள். வித்தியாசம் 3,200 ரூபாய். அதற்கு மேல் விடுதி வாடகை, மெஸ், கம்பெனி பஸ் பிடித்தம் இருந்தால் அதையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள். பிஎஃப் உங்கள் பணம்தான், எங்கும் போகாது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் தொகையில் அது இருக்காது.

அடுத்து, எல்லோரையும் கவிழ்க்கும் முதல் இரண்டு மாதம். பல ஆலைகளில் வருகைக் கணக்கு மாதத்தின் 21-ம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 20 வரை. ஜூன் 10-ம் தேதி சேர்ந்தால், ஜூலை 7-ல் வரும் முதல் சம்பளம் 11 நாளுக்கு மட்டும்தான். முழுச் சம்பளம் ஆகஸ்ட் 7-ல். இதற்கிடையில் அறைக்கு முன்பணம், பாய் தலையணை, ஷூ, இரண்டு வேளைச் சாப்பாடு. பயிற்சி வரை எல்லாம் இலவசம் என்று பழகிய பிள்ளை திடீரென்று கையில் காசு இல்லாமல் அந்நிய ஊரில் நிற்கும்போது, பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதில் ஆச்சரியம் இல்லை. வேலை கஷ்டம் என்று வந்தவர்களைவிட, காசு இல்லாமல் வந்தவர்களே அதிகம் என்பதுதான் என் கணிப்பு. ஊரகத் திறன் திட்ட வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு தொகை உண்டு. வேலை சொந்த மாவட்டத்தில் என்றால் மாதம் 1,000 ரூபாய் வீதம் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வெளி மாநிலம் என்றால் ஆறு மாதம். பயிற்சி நிறுவனம்தான் வாங்கித் தர வேண்டும். கேட்காவிட்டால் வராது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் தரும் இடத்தில் இந்த ஆதாரம் எதுவும் இருக்காது, உதவியும் வராது. இருந்தாலும் அது பிந்தி வரும் பணம். கிளம்பும்போதே இரண்டு மாதச் செலவுக்குக் கையில் இருக்க வேண்டும். அம்மாவின் குழுவில் உள்கடனாக எடுப்பதே வட்டிக்காரரிடம் போவதைவிட மேல். எடுக்கும்போதே திருப்புவது ஆகஸ்டிலிருந்து என்று பேசிக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து மூன்று மாதம் வேலையில் இருந்தால்தான் திட்டக் கணக்கில் அது ‘வேலை’. பயிற்சி நிறுவனத்துக்கு அடுத்த தவணை அதை ஒட்டித்தான் வருகிறது. அதனால் மூன்று மாதம் வரை தினமும் போன் செய்து நலம் விசாரிப்பார்கள். உங்களுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்த மூன்று மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.

வேலை கிடைத்ததும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த எது நிற்கும் என்று இப்போதே பாருங்கள். மாதம் 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000. வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை உடனே நிற்கும், அதை நீங்களே தெரிவித்துவிட வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் 1,20,000 வரம்பை இந்த ஒரு சம்பளமே தாண்டிவிடும். அந்த இடத்தை நிரப்புவது இஎஸ்ஐ. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதற்குள் வருகிறார்கள், மருத்துவ உதவி சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் குடும்பத்தினர் பெயரை ஏற்றினால்தான் அவர்களுக்கு. சேரும்போது அவசரத்தில் ஹெச்ஆர் ஒரே ஒரு பெயரைப் போட்டு முடித்துவிடுவார். ஊரில் இருக்கும் பெற்றோரையும் சேர்த்து, அவர்கள் ஊருக்குப் பக்கத்து மருந்தகத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பெற்றோரின் சொந்த வருமானத்துக்கு இதில் உச்சவரம்பு உண்டு. மகளிர் உரிமைத் தொகையின் வரம்பு 2,50,000 என்பதால், ஒரே ஆள் 14,000 வாங்கும் வீட்டில் அம்மாவின் ஆயிரம் ரூபாய் பெரும்பாலும் தப்பும். அண்ணனும் தம்பியும் ஒரே கார்டில் இருந்து இருவரும் வேலைக்குப் போனால் தாண்டிவிடும். அந்த ஆயிரம் நிற்கக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் வெளியூர் வேலை லாபமா என்று பார்க்க வேண்டும்.

சுயதொழில் பக்கம் போகிறவர்களுக்கு வேறு கண்ணி. மானியத்தோடு வரும் கடன் திட்டங்களில் ஒன்றை வாங்கினால் மற்றொன்று கிடைக்காது என்ற விதி இருக்கிறது. பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. கிராமப்புறத்துப் பெண்ணுக்கோ ஆதிதிராவிடருக்கோ மானியம் 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஏற்கெனவே வேறு அரசு மானியத்தில் தொடங்கிய தொழிலுக்குக் கிடையாது. ஆர்செட்டி முடித்த சூட்டில், யாரோ சொன்னார்கள் என்று ஒரு சின்ன மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டால், இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய கடைக்குப் போகும்போது கதவு மூடியிருக்கும். ஐம்பதாயிரத்துக்குள் போதும் என்றால் முத்ரா சிசு கடனில் தொடங்குங்கள், அதில் அடமானமும் இல்லை, மானியமும் இல்லை, ஆகவே பின்னால் எதையும் அடைக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 35 சதவீத மானியம் கையில் வராது. உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாகக் கிடந்து, தொழில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். மானியத்தை நம்பி வெளியில் கடன் வாங்கிச் சொந்தப் பங்கைக் கட்டியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆர்செட்டி சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம் என்று கேட்கும் இடத்தில் அதைக் காட்டலாம்.

எங்காவது நின்றுபோனால் 1100 என்ற எண்ணில் பதிந்து மனு எண் வாங்குங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இரண்டிலும் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்றே வந்துகொண்டிருந்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தரவில்லை என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: எனது இன்ன எண் விண்ணப்பம் இன்றைய தேதியில் எந்த அலுவலரிடம் உள்ளது, அவரிடம் வந்த தேதி என்ன, அதன் மீது எழுதப்பட்ட குறிப்பின் நகல், எனக்கு அனுப்பிய தொகை இருந்தால் அது சேர்ந்த வங்கியின் பெயரும் தேதியும்.